பல்கீயின் ஏடும் ஏர்வாடியின் சங்கிலியும்

மீலாது மேடைகளிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் நாம் பெருமிதத்தோடு எடுத்துரைக்கும் செய்திகள் சில உண்டு. இப்னு சீனாவின் 'அல்கானூன்' ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. அர்ராஸீ பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்தறிந்து நூல் எழுதினார். இப்னுந் நஃபீஸ் நுரையீரல் வழிக் குருதியோட்டத்தை விளக்கினார். இவை யாவும் உண்மையே, சொல்லத் தக்கவையே. ஆயின், முன்னோரின் பெயர்களை எண்ணிச் சொல்வது ஒன்று. அவர்கள் எழுதிவைத்ததைப் படித்து அதன்படி நடப்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் உணர்ந்துகொண்டது ஒரு மாணவராலேயே.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், விடுமுறை முடிந்து தம் தந்தையுடன் மதரஸாவுக்குத் திரும்பும் வழியில் பேருந்து விபத்துக்குள்ளானார். தந்தை அவ்விடத்திலேயே வஃபாத்தானார். மாணவர் சிறு காயங்களோடு தப்பினார். நாற்பது நாட்கள் கழித்து வகுப்புக்கு வந்தவர் முன்பு நாம் அறிந்த பிள்ளையாக இல்லை. இரவில் அலறி எழுவார். சாலையில் வண்டியின் ஒலிப்பான் கேட்டால் கிதாபைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார். பேருந்தில் ஏறவே மாட்டார். நாம் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம், துஆச் செய்தோம். அதோடு நிறுத்தியிருந்தால் குறையில்லை. 'ஈமான் உறுதியாக இருந்தால் இந்தப் பயம் வராது' என்றும் சொன்னோம். அவர் தலைகுனிந்து, 'சரி ஹஜ்ரத்' என்றார். மூன்று மாதத்தில் படிப்பை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, மலேசியாவில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு சிறு நூலைக் கொண்டுவந்து தந்தார். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞரின் நூற்பகுதியை, சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் அது. அதில் அச்சத்தைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்தபோது, நாம் அம்மாணவரிடம் சொன்ன சொல் நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இக்கட்டுரை அந்த முள்ளிலிருந்து பிறந்தது.

ஜைஹூன் கரையில் நின்ற அறிஞர்

அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ, ஹிஜ்ரி 235 அளவில் (கி.பி. 850), இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரையடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் இராக் சென்று, அரபுகளின் தத்துவஞானி எனப் போற்றப்படும் அல்கிந்தீயிடம் பயின்றார். மார்க்கக் கல்வி, தத்துவம், இலக்கியம், மருத்துவம் எனப் பல துறைகளிலும் புலமை பெற்றுத் தாயகம் திரும்பினார். நிலவியல் வரலாற்றில் அவர் பெயர் தனியிடம் பெற்றது. இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் ஆகியோர் வளர்த்த நிலப்பட மரபை 'பல்கீ மரபு' என்றே இன்றும் ஆய்வாளர் வழங்குகின்றனர். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) அவர் மறைந்தார்.

அவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. குராசானை ஆண்ட ஸாமானிய அரசு அவரைப் புகாராவுக்கு அழைத்தது. புறப்பட்டுச் சென்றவர் ஜைஹூன் ஆற்றின் கரையை அடைந்ததும், அதன் அலைகளையும் அகலத்தையும் கண்டு தயங்கி நின்றார். தம்முடைய நல்ல மதிநுட்பத்திற்காகத்தான் தம்மை அழைக்கிறார்கள் என்றால், இந்த ஆற்றைக் கடக்க வேண்டாமென்று அந்த மதியே தமக்குச் சொல்கிறது என்று பதில் எழுதிவிட்டுத் திரும்பிவிட்டாராம். அச்சத்திற்கு மருந்து எழுதியவர் அச்சம் என்னவென்று அறியாதவரல்லர் என்பதை இச்செய்தி காட்டுகிறது. அஞ்சுபவரை அவர் எள்ளாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எட்டு அத்தியாயங்கள்

அவர் இயற்றிய மருத்துவ நூலின் பெயர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்'. 'உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். இதன் கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூலின் அயாஸோஃபியா நூலகத் தொகுப்பில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1984ஆம் ஆண்டு பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் அதனைப் படியெடுத்துப் பிராங்க்பர்ட்டில் வெளியிட்ட பின்னரே ஆய்வுலகின் கவனம் அதன்மீது திரும்பியது.

நூல் இரு பகுதிகளால் ஆனது. முதற்பகுதியின் பதினான்கு அத்தியாயங்கள் உடல்நலம் பற்றியவை. இரண்டாம் பகுதியின் எட்டு அத்தியாயங்களும் உள்ளத்தின் நலம் பற்றியவை. மனிதன் உடலாலும் உள்ளத்தாலும் ஆனவன். உடல் நோயுறுவது போலவே உள்ளமும் நோயுறும். ஒன்றின் நோய் மற்றொன்றைத் தாக்கும். ஆயினும் மருத்துவர்கள் உடலைப் பற்றியே எழுதி உள்ளத்தை விட்டுவிட்டனர் என்பது பல்கீ முன்வைக்கும் குறை. அக்குறையை நிரப்பவே அவர் எழுதுகோலை எடுத்தார். உள்ளத்தின் நலத்தைக் காப்பது, இழந்த நலத்தை மீட்பது ஆகியவற்றை முதலில் விளக்கிவிட்டு, சினம், அச்சம், துயரம், விடாது துன்புறுத்தும் வஸ்வாஸ் எண்ணங்கள் ஆகிய நான்கையும் தனித்தனி அத்தியாயங்களில் ஆராய்கிறார்.

அவர் கூறும் வழிகளில் மூன்று நம் கருத்தைக் கவர்ந்தன. முதலாவது, முன்னேற்பாடு. அவசர நேரத்திற்கென மருந்துகளை வீட்டில் வைத்திருப்பது போல, துன்பம் திடீரென வந்து தாக்கும் வேளைக்கென நல்ல எண்ணங்களை உள்ளம் அமைதியாக இருக்கும் காலத்திலேயே திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இரண்டாவது, பழக்கம். எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதனைக் கண்ணாலும் காதாலும் திரும்பத் திரும்ப எதிர்கொண்டு பழகினால் அச்சம் தணியும். இதற்கு அவர் காட்டும் உவமை அழகானது. தொலைவில் படர்ந்திருக்கும் மூடுபனியைக் காண்பவன் அதனை ஊடுருவ முடியாத சுவராக எண்ணி மலைக்கிறான். உள்ளே நுழைந்த பின்னரோ, தான் இதுவரை சுவாசித்துவந்த அதே காற்றுதான் ஈரத்தோடு இருக்கிறது என்று அறிகிறான். அஞ்சப்படும் பொருள்கள் பலவும் இத்தன்மையவே என்கிறார்.

மூன்றாவது, துயரத்தை அவர் பிரித்துக் காட்டும் பாங்கு. ஒரு வகைத் துயரத்திற்குக் காரணம் தெரியும். அன்புக்குரியவரின் பிரிவு, பொருளிழப்பு போன்றவை அவை. மற்றொரு வகைக்குக் காரணமே தெரியாது. மனிதன் வாடிக்கொண்டே போவான், ஏனென்று அவனாலும் சொல்லவியலாது. முன்னதற்கு ஆறுதலும் சிந்தனையும் மருந்தாகும். பின்னது உடலிலிருந்து எழுவது. அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்கிறார். இழப்பு நேர்ந்த உடன் எழும் ஆற்றொணாப் பதற்றத்தை (ஜஸஃ) கொழுந்துவிட்டெரியும் நெருப்புக்கும், அதன்பின் நீடிக்கும் துயரத்தை (ஹுஸ்ன்) தணல்விட்டுக் கனலும் கரிக்கும் அவர் ஒப்பிடுகிறார். நெருப்பு அடங்கிவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில் உள்ளே தணல் கனன்றுகொண்டே இருக்கும். நம் மாணவருக்கு நாற்பது நாள் கழிந்தும் நேர்ந்துகொண்டிருந்தது இதுவன்றோ!

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பல்கீயின் மருத்துவம் அவர் காலத்து மருத்துவமே. குருதியின் கெடுதல், சூடு, குளிர்ச்சி என்ற அன்றைய கோட்பாட்டின் மீதே அவர் பேசுகிறார். இன்றைய அறிவியல் முழுவதையும் அவர் அன்றே கண்டுவிட்டார் என்று சொல்வது அவருக்கும் அறிவியலுக்கும் செய்யும் அநீதியாகும். நாம் போற்ற வேண்டியது வேறு: துயருற்றவனை நோயாளியாக அவர் கண்டார், குற்றவாளியாகக் காணவில்லை. அஞ்சுபவனிடம் 'உன் ஈமான் குறைந்துவிட்டது' என்று சொல்வதை மருத்துவமாக அவர் எழுதிவைக்கவில்லை.

அழுத கண்களும் வாற்கோதுமைக் கஞ்சியும்

பல்கீக்கு இந்தக் கனிவு எங்கிருந்து வந்தது? கிரேக்க நூல்களைப் பயின்றவர் அவர் என்பது உண்மை. ஆனால் அவர் நின்ற மண்ணில் அதற்கு முன்பே ஓர் ஊற்று இருந்தது. யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போன செய்தியைத் திருக்குர்ஆன் (12:84) கூறுகிறது. அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட அதே நபிக்குத்தான் அத்துயரமும் நேர்ந்தது. துயரமும் ஈமானும் ஓருள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டை வரலாற்றாசிரியர்கள் 'ஆமுல் ஹுஸ்ன்' – துயர ஆண்டு – என்றே அழைத்தனர். மகனார் இப்ராஹீம் மறைந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் உகுத்தார்கள். வியப்புற்று வினவிய தோழருக்கு, அது இரக்கத்தின் வெளிப்பாடு என விளக்கினார்கள். துயருற்ற வீட்டாருக்கு 'தல்பீனா' என்னும் வாற்கோதுமைக் கஞ்சி சமைத்துக் கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிவந்ததையும், அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துயரத்தில் சிறிதைப் போக்கும் என அவர்கள் நபிமொழியை அறிவித்ததையும் புகாரீ பதிவு செய்கிறது. துயருற்றவருக்கு அறிவுரைக்கு முன்னர் கஞ்சி தருவது எத்துணை நுண்ணிய மருத்துவம்!

அல்கிந்தீ துயரங்களைப் போக்கும் உபாயம் பற்றித் தனி நூல் எழுதினார். அர்ராஸீ 'அத்திப்புர் ரூஹானீ' எழுதினார். கைரவான் நகர மருத்துவர் இஸ்ஹாக் இப்னு இம்ரான் மனச்சோர்வு நோய் பற்றி எழுதிய நூல், பதினொன்றாம் நூற்றாண்டில் இத்தாலியில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. அந்நோயைத் தூண்டும் இழப்புகளில், அன்புக்குரியவரை இழப்பதோடு, அறிஞன் ஒருவன் ஈடுசெய்ய இயலாத தன் நூல்களை இழப்பதையும் அவர் சேர்த்துள்ளார். ஆலிம்களுக்கு அது நன்கு விளங்கும்.

மாரிஸ்தான்களில் கண்டது

ஏட்டில் இருந்தது நடைமுறையிலும் இருந்ததா என்று வாசகர் வினவலாம். ஓரளவு இருந்தது. அஹ்மத் இப்னு தூலூன் கி.பி. 872 அளவில் எகிப்தில் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இலும், கெய்ரோவில் கலாவூன் 1284இலும் நிறுவிய மாரிஸ்தான்கள் புகழ்பெற்றவை. 1183இல் கெய்ரோவைக் கண்ட ஸ்பானியப் பயணி இப்னு ஜுபைர், ஸலாஹுத்தீன் அய்யூபி நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளை அன்றாடம் பார்வையிட்டு அவரவர்க்கு ஏற்றதை அளிக்க ஆட்கள் இருந்ததைப் பாராட்டி எழுதினார்.

ஆயின் அதே இப்னு ஜுபைர், அந்த அறைகளின் சாளரங்களில் இரும்புக் கம்பிகள் இருந்ததையும் மறைக்கவில்லை. டமாஸ்கஸில் மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் அவர் எழுதியே இருக்கிறார். இப்னு தூலூன் வெள்ளிதோறும் தம் மருத்துவமனையைப் பார்வையிட்டு வந்தார். ஒருநாள் அங்கிருந்த நோயாளி ஒருவர் பெரிய மாதுளம்பழம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதனை அவர் மீதே வீசியடித்தாராம். அதன்பின் அவர் அங்கு வருவதை நிறுத்திக்கொண்டார் என மக்ரீஸீ கூறுகிறார். கருணையும் சங்கிலியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. வரலாற்றைப் படிப்போர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுதல் முறையன்று.

பதுங்கு குழியிலிருந்து மருத்துவமனைக்கு

இனி மேற்குலகம் மனக்காயத்தை எவ்வாறு கண்டறிந்தது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம்; மாலிக் பத்ரீயின் பணியை விளங்கிக்கொள்ள அது தேவை. முதல் உலகப் போரில் குண்டு வீச்சுக்கிடையே நின்ற படைவீரர் பலர், உடலில் காயமின்றியே பேச்சிழந்தனர், நடுங்கினர், நினைவு தடுமாறினர். 1915இல் ஆங்கில உளவியலறிஞர் சார்லஸ் மையர்ஸ் மருத்துவ இதழொன்றில் இதனைக் 'குண்டு அதிர்ச்சி' என்னும் பெயரால் விவரித்தார். அவ்வீரர்களுள் பலர் கோழைகள் என்று பழிக்கப்பட்டனர் என்பது அப்போரின் துயரமான பக்கங்களுள் ஒன்று. நாம் 'ஈமான் இல்லை' என்றோம். அவர்கள் 'வீரம் இல்லை' என்றார்கள். சொல்தான் வேறு.

இரண்டாம் உலகப் போரின்போது தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே, போரால் மனம் சிதைந்த வீரர்களுக்கு மருந்தூட்டி நினைவுகளைப் பேசவைக்கும் முறையைக் கையாண்டார். அது நிலையான பயன் தராதது கண்டு, உடலை அமைதியுறச் செய்து அச்சம் தரும் காட்சிகளைப் படிப்படியாக மனத்துக்கு அறிமுகப்படுத்தும் முறையை உருவாக்கினார். ஒன்றுக்கொன்று முரணான இரு உணர்வுகளில் ஒன்று மற்றொன்றை அடக்கும் என்னும் இக்கொள்கையை அவர் 1958இல் நூலாக வெளியிட்டார். 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கழகம், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றை ஒரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவு, நிகழ்ந்ததை நினைவூட்டும் யாவற்றையும் தவிர்த்தல், சிறு ஒலிக்கும் திடுக்கிடல் ஆகியவை அதன் அறிகுறிகளுள் அடங்கும்.

உடும்பின் வளையும் அதற்கு வெளியேயும்

மாலிக் பத்ரீ 1932இல் சூடானின் ருஃபாஆ நகரில் பிறந்தார். அங்கு 1907இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கிய முன்னோடி பாபிக்ர் பத்ரீயே அவருடைய தந்தையார். பெய்ரூத்தின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1961இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் லண்டனில் மருத்துவ உளவியல் பயிற்சியும் பெற்றார். 1960களில் மொராக்கோவின் ரபாத் நகரில் அச்ச நோயாளிகளுக்கு வோல்பேயின் முறையில் சிகிச்சையளித்தபோது, அம்முறையை அப்படியே கையாளாமல், நோயாளியின் எண்ணங்களுக்கும் நம்பிக்கைக்கும் இடமளித்து மாற்றியமைத்தார். அந்த அனுபவத்தை 1967இல் ஆய்விதழொன்றில் வெளியிட்டார். நடத்தையை மட்டும் நோக்கிய அன்றைய உளவியல், மனிதனின் சிந்தனையைச் சிகிச்சைக்குள் கொண்டுவரத் தொடங்கிய காலம் அது.

1975இல் முஸ்லிம் சமூகவியலாளர் மாநாட்டில் அவர் படித்த கட்டுரையும், அதனை விரித்து 1979இல் லண்டனில் வெளிவந்த 'முஸ்லிம் உளவியலாளரின் இக்கட்டு' என்னும் நூலும் பெரும் விவாதத்தைக் கிளப்பின. முன்சென்றோரைச் சாண் சாணாகப் பின்பற்றி, அவர்கள் உடும்பின் வளைக்குள் நுழைந்தாலும் பின்தொடரும் கூட்டத்தைப் பற்றிய நபிமொழி ஆலிம்கள் அறிந்ததே. ஃபிராய்டின் கோட்பாடுகளை ஆராயாது ஏற்கும் முஸ்லிம் உளவியலாளர் அவ்வளைக்குள் இருக்கின்றனர் என்றார் பத்ரீ.

ஆனால் அவர் சொன்னதில் பாதியை மட்டும் நம்மவர் எடுத்துக்கொண்டனர். உளவியலே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சோதித்துப் பயன் கண்ட சிகிச்சை முறைகளை அவர் தாமே கையாண்டார், கற்பித்தார். வளையிலிருந்து வெளியே வருமாறுதான் அழைத்தார்; வெளியே வந்தவர் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. அதனால்தான் பல்கீயின் ஏட்டைத் தேடிப் பெயர்த்தார். எதிர் உணர்வால் உணர்வைத் தணிக்கும் வோல்பேயின் கொள்கையும், எண்ணத்தைத் திருத்தித் துயரத்தைத் தணிக்கும் இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பல்கீயிடம் முளைவிட்டிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். மலேசியாவில் நெடுங்காலம் பேராசிரியராகப் பணியாற்றிய அவர் 2021இல் மறைந்தார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக!

அவருக்கு முன்பே சூடானில் மற்றொரு வழிகாட்டி இருந்தார். மனநல மருத்துவர் திஜானீ அல்மாஹீ (1911–1970), ஓதிப்பார்க்கும் ஷைகுமார்களை எதிரிகளாக ஒதுக்கிவிடாமல், அவர்களோடு பேசி உறவாடி, அவர்களை நாடி வரும் நோயாளிகள் மருத்துவத்தையும் பெற வழி கண்டார்.

ஏர்வாடி

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் வாசலுக்கு வராமல் இருக்க இயலாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பி ஓட வழியின்றி 28 பேர் கருகி மாண்டனர். அவர்களுள் எல்லாச் சமயத்தவரும் நாடிவரும் ஓரிடத்திற்கு நலம் வேண்டி உறவினரால் அழைத்துவரப்பட்டோர் பலர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. பின்னர் ஏர்வாடியில் துஆவுக்கு வருவோர்க்கு மருத்துவமும் அங்கேயே கிடைக்கச் செய்யும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. திஜானீ அல்மாஹீ சூடானில் காட்டிய வழிக்கு இது மிக அருகில் உள்ளது.

தர்கா ஸியாரத் கூடுமா கூடாதா என்னும் விவாதத்தை நாம் இங்கே எழுப்பவில்லை. அவ்விவாதத்தின் இரு தரப்பிலும் உள்ள வீடுகளில் மனநோயாளிகள் உள்ளனர். ஒரு வீட்டில் அதற்கு ஜின் என்று பெயர். மற்றொரு வீட்டில் ஈமான் பலவீனம் என்று பெயர். இரண்டு வீட்டிலும் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. பொருளைப் பொறுப்பாக நிருவகிக்கும் அறிவு இல்லாதவர்க்கு அதிலிருந்தே உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் அழகிய சொல்லே சொல்லுமாறு திருக்குர்ஆன் (4:5) பணிக்கிறது. அறிவு பிறழ்ந்தவர் மீது மார்க்கக் கடமைகளும் இல்லை என்பது ஃபிக்ஹ் பாடத்தின் தொடக்கத்திலேயே நாம் கற்பிப்பது. அல்லாஹ் பொறுப்பு நீக்கியவர் மீது நாம் எந்த உரிமையில் பழி சுமத்துகிறோம்?

ஆலிம்களாகிய நாம் செய்யக் கூடியவை பெரிய காரியங்களல்ல. நம்மிடம் ஓதிப்பார்க்க வருபவரிடம், ஓதிவிட்டு, 'மருத்துவரையும் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம். ஜும்ஆ உரையில் ஆண்டுக்கொரு முறையேனும் மனநோய் ஒரு நோயே என்று எடுத்துரைக்கலாம். மதரஸாக்களில் பல்கீயின் அந்த எட்டு அத்தியாயங்களை மேல்வகுப்பில் பாடமாக வைக்கலாம். மஹ்மூத் மிஸ்ரீ பதிப்பித்த அரபு மூலம் 2005 முதல் அச்சில் உள்ளது. அரபு அறிந்தோர்க்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை. மருந்துக்கும் துஆவுக்கும் பகையில்லை; நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியுள்ளான் என்பதே நபி (ஸல்) அவர்களின் போதனை.

நம் அந்த மாணவரைப் பற்றி வாசகர் கேட்கக்கூடும். அவருடைய உம்மா, ஊர்க்காரர்கள் சொன்னதைப் பொருட்படுத்தாமல், அவரை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். அங்கு மருந்தோடு, முதலில் பேருந்து நிலையத்தில் போய் நிற்பது, பிறகு நிற்கும் பேருந்தில் ஏறி இறங்குவது, பிறகு ஒரு நிறுத்தம் வரை போவது எனப் பழக்கியிருக்கிறார்கள். பல்கீ கூறிய மூடுபனிக்குள் அவர் நுழைந்து வெளியே வந்திருக்கிறார். சென்ற ஆண்டு தம் மகனை நம் கல்லூரியில் சேர்க்க வந்தார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டோம். 'பஸ்ஸில்தான் ஹஜ்ரத்' என்றார். அன்று அவரிடம் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் அதனை மறந்துவிட்டதாகச் சொன்னார். நம்மால் மறக்க முடியவில்லை.

முன்னோரின் ஏட்டைத் திறந்து படிக்கவும், நம் பிள்ளைகளின் காயத்தைக் காயமென அறிந்துகொள்ளவும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.